மேற்குப் படியின் சாவி

பிப்ரவரி 20, வியாழன்

தம்பிக்கு,

அந்த ஓவிய ஆசிரியை பிழைத்துவிட்டாள். நேற்று மாலை நாலரை மணிக்கு எலும்பு மருத்துவர் என்னிடம் நேரில் சொன்னார். இடது இடுப்பில் இரண்டு முறிவு. அறுவை சிகிச்சை செவ்வாய்க்கிழமை முடிந்தது. மூன்று மாதம் படுக்கை; அதன் பிறகு எப்படி நடப்பாள் என்பதை இப்போது சொல்ல முடியாது. நீ முதலில் தேடப்போவது இதைத்தான் என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குப் பதினோரு முறை போன் அடித்தேன். ஒருமுறை உன் மனைவி எடுத்து, "அவர் மதகுல இருக்கார் அண்ணி" என்றாள். பின்னால் நீ இருமியது கேட்டது. அதனால்தான் கடிதம்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. பிப்ரவரி 16, ஞாயிறு, காலை பதினொன்றே காலுக்கும் பதினொன்றரைக்கும் இடையில் அவள் உங்கள் அணையின் மேற்குப் படிகளில் வழுக்கி விழுந்தாள். சொன்னவள் கூட வந்த தோழி. மேற்குப் படிகள் ஒன்பது வருடமாக மூடப்பட்டவை. கீழே உள்ள கற்கள் ஆடுகின்றன என்று உங்கள் அலுவலகம் வைத்த பலகையே சொல்கிறது. ஆனால் கம்பிக் கதவு அன்று திறந்திருந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இது காவல் நிலைய எழுத்தர் படித்துக் காட்டியது. சாவிகள் இரண்டு. ஒன்று உதவிப் பொறியாளரின் மேசை இழுப்பறையில். மற்றது மதகுக் காவலரான உன் அறையில், ஆணியில்.

"நான் திறக்கவில்லை, சாவி ஆணியில்தான் இருந்தது" என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த வரியை எழுத்தர் இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தார். திறந்தாயா என்றுதான் உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். சாவி எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லியிருக்கிறாய். முப்பத்தொரு வருடமாக மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறவள் நான். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இருந்தால் காதில் உறுத்தும்.

உங்கள் அணையில் எடுத்த அந்தப் படம் வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூறு பேர் வருகிறார்கள் என்று பேருந்து நிலையத்தில் சொன்னார்கள். கதாநாயகி கடைசிப் படியில் நின்று பனிக்குள் யாரையோ பார்க்கிற அந்த ஒரு நிமிடக் காட்சிக்காக. அதே படியில் நின்று அதேபோல் ஒரு போட்டோ. உன் மனைவியின் டீக்கடை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. வந்தவர்களை ஏமாற்றாமல் அனுப்பினால் கடையில் நாலு பேர் கூடுதலாக உட்காருவார்கள் என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

செய்திக்காகக் கேட்கவில்லை, அக்காவாகக் கேட்கிறேன். யார் திறந்தது?

அக்கா


பிப்ரவரி 24, திங்கள்

அக்காவுக்கு,

இருமியது நான்தான். போனில் நீ குரலைக் குழைத்துக் கேட்பாய், நான் உளறிவிடுவேன். கடிதம் என்றால் அடிக்கலாம், கிழிக்கலாம். இதற்கு முன் இரண்டு தாள் கிழித்தாயிற்று.

அந்தப் பெண் பிழைத்ததை எழுதியதற்கு நன்றி. உண்மையாகச் சொல்கிறேன். மருத்துவமனைக்குப் போன் செய்தால் "நீங்க யாரு" என்று கேட்கிறார்கள். போனை வைத்துவிடுகிறேன்.

அக்காவாகக் கேட்கிறாயாம். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "அணைக்குள்ள கசிவு எப்படிடா இருக்கு?" என்று கேட்டதும் அக்காதான். நானும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே, கூடியிருக்கிறது, பொறியாளர் பதிவேட்டில் குறைத்து எழுதச் சொல்கிறார் என்று சொன்னேன். மூன்றாம் நாள் முதல் பக்கத்தில் வந்தது. "பல வருட அனுபவம் உள்ள ஊழியர் ஒருவர்" என்று போட்டிருந்தாய். பெயர் போடவில்லை என்று பெருமை வேறு. இந்த அணையில் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர். மற்ற மூன்று பேர் வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என்னோடு துறையில் சேர்ந்தவன் இன்று வேறு அணையில் மேற்பார்வையாளர். நான் இன்னும் மதகைத் திருகிக்கொண்டிருக்கிறேன். உன் காதில் விழுந்தது பேப்பரில் விழும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உன் கடிதத்தில் எல்லாம் தேதி, மணியோடு இருக்கிறது. ஒரு தேதி மட்டும் இல்லை. ஜனவரி 19, ஞாயிறு. உங்கள் ஞாயிறு மலர், பத்தாம் பக்கம். உன் பெயர் போட்ட கட்டுரை. "படப்பிடிப்பு நடந்தது மேற்குப் படிகளில்தான். வருகிறவர்கள் விவரம் தெரியாமல் கிழக்குப் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்." எனக்கு மனப்பாடம். மேற்குப் படிகள் பூட்டியிருக்கின்றன என்று கடைசிக்கு முந்தின வரியில் எழுதியிருந்தாய். அதை ஒருவரும் படிக்கவில்லை.

அதுவரை எல்லோரும் கிழக்குப் படிக்குத்தான் போனார்கள். அங்கே கைப்பிடிக் கம்பி உண்டு, கல் ஆடாது. அடுத்த ஞாயிறு ஒரு கணவன் மனைவி, கையில் உன் கட்டுரை.

"இது ஒரிஜினல் படி இல்லீங்க. அந்தப் பக்கம்தான். பேப்பர்லயே போட்டிருக்கு."

"நான் இங்கதாங்க வேலை பாக்கறேன். இதுதான் அது."

"வேலை பாக்கறவங்களுக்கு எப்படிங்க தெரியும்? அவங்க ஆராய்ச்சி பண்ணில்ல எழுதியிருக்காங்க."

அக்கா, படம் எடுத்தது கிழக்குப் படியில். அன்று தூறல். கேமராவுக்குக் குடை பிடித்தவன் நான். அந்தக் கூட்டத்தில் யாரையாவது பார்த்தால் "குடைக்காரர் தெரியுமா" என்று கேட்டுப் பார். கட்டுரை எழுதும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

யார் திறந்தது என்ற கேள்விக்கு, போலீசிடம் சொன்னதுதான் பதில்.

மதகுக் காவலர்


பிப்ரவரி 27, வியாழன்

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்ட இடத்தில் பதவி மட்டும் இருப்பதைக் கவனித்தேன்.

ஜனவரி 19-ஐ நான் மறைக்கவில்லை. விபத்தின் விவரங்களை எழுதினேன். கட்டுரை விபத்தின் விவரம் அல்ல என்று நினைத்தேன். அந்தக் கட்டுரையை எப்படி எழுதினேன் என்று கேட்டுக்கொள். படத்தை மூன்று முறை பார்த்தேன். அந்தக் காட்சியை நிறுத்தித் தாளில் வரைந்தேன். அவள் தண்ணீரைப் பார்த்து நிற்கிறாள். மதகுக் கோபுரம் அவளுடைய வலது கைப்பக்கம் இருக்கிறது. உங்கள் துறையின் வரைபடத்தில், கரையிலிருந்து தண்ணீரைப் பார்த்து நின்றால் கோபுரத்தை வலப்பக்கம் வைத்திருக்கும் படிகள் ஒன்றே ஒன்று, அது மேற்குப் படி. கிழக்குப் படியில் நின்றால் கோபுரம் இடப்பக்கம் வரும். படம் சாட்சி, வரைபடம் சாட்சி. இதற்கு மேல் குடை பிடித்தவரின் ஞாபகம் எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போதும் உன் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன், காரணத்தையும் சொல்கிறேன். கிழக்கு என்று சொல்வதில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. படம் எடுத்தது கிழக்கில் என்றால், மேற்குக் கதவைத் திறக்க உனக்கு எந்தக் காரணமும் இல்லை.

உன்னைச் சந்தேகிப்பதோடு நான் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். "லாக் ரொம்பப் பழசு மேடம். ரெண்டு பேர் இழுத்தா வந்துடும்" என்றார். பூட்டில் இழுத்த தடம் இல்லை என்கிறது போலீஸ் குறிப்பு. சாவியைக் காட்டச் சொன்னேன். இழுப்பறையைத் திறந்தார். சாவி இருந்தது, வளையத்தில் தூசியோடு. அதை ஒரு வருடமாவது யாரும் எடுத்ததில்லை. ஆக, அவர் பூட்டைப் பற்றிச் சொல்வது பொய். யாரைக் காப்பாற்ற என்றுதான் தெரியவில்லை. உன்னையா, தன்னையா?

படத்தின் தயாரிப்பு நிர்வாகியிடமும் பேசினேன். "ரெண்டு பக்கமும் ஏறி இறங்கினோம் மேடம். எது எடுத்தது, எது வச்சதுன்னு எடிட்டருக்குத்தான் தெரியும்" என்றார். குடைக்காரரைத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். "நல்லா இருமுவாரே, அவரா?"

ஆக, நீ அங்கே இருந்தாய் என்பது வரை உறுதி.

அக்கா


மார்ச் 3, திங்கள்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். வரைபடம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். தன் போனில் அந்தக் காட்சியைப் போட்டாள். கடையில் தினமும் பத்து பேர் போடுவதால் அவளுக்குப் பாட்டோடு சேர்த்துத் தெரியும்.

"இந்தப் பொண்ணு படம் பூரா எந்தக் கையில வாட்ச் கட்டியிருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இடது கை. இங்க மட்டும் பாருங்க, வலது கை. யாராவது படியில எறங்கும்போது வாட்சை மாத்திக் கட்டுவாங்களா?"

பிறகு நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் அளவுப் பலகை தெரிகிறது. தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறது என்று பார்க்க நான் வருடா வருடம் எண் எழுதும் பலகை. அன்று தண்ணீருக்கு மேலே தெரிந்தது எட்டு மட்டும். எட்டைத் திருப்பினாலும் எட்டுதான். ஏழு தெரிந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். அந்தக் காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அக்கா. கோபுரம் இடப்பக்கம்தான் இருந்தது, வலப்பக்கம் போய்விட்டது. இன்னொன்று: மேற்குப் படியில் அளவுப் பலகையே கிடையாது. ஒரு தடவை நேரில் வந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

அளவு பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், மேலே நின்று பார்க்காதே என்பது. நின்றபடி பார்த்தால் ஒரு கோடு தப்பும். தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து, கண்ணை அதற்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். நீ எல்லாவற்றையும் நின்றபடி பார்க்கிறாய்.

இனி எழுதுவதை எழுதலாமா என்று அரை மணி யோசித்தேன். இந்தத் தாள் உன் கோப்புக்குள் போகும் என்று தெரியும்.

விசாரணை மார்ச் 20, வியாழன். வெள்ளிக்கிழமை பொறியாளர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். வந்தவர்கள் கதவைப் பலமாக இழுத்து அத்துமீறி நுழைந்தார்கள், காவலர் அப்போது வேறு பணியில் இருந்தார் என்று. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். "போட்டுடுய்யா. உன் வேலையும் தப்பும், என் வேலையும் தப்பும்" என்றார். அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டேன். அத்துமீறி வந்தவர்களுக்குத் துறை பொறுப்பில்லை, அவ்வளவுதானே என்றார். போடாவிட்டால் வேலையும் இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். உன் மருமகளுக்குப் பள்ளி மே வரை இருக்கிறது.

தாள் இப்போது என் அறையில், மற்றச் சாவிகள் கிடக்கும் தட்டுக்குக் கீழே இருக்கிறது. இன்னும் போடவில்லை.

மேற்குப் படியில் பாசி. நானே அங்கே இறங்குவதில்லை. இதையும் எழுதிக்கொள்.

தம்பி


மார்ச் 6, வியாழன்

தம்பிக்கு,

உன் மனைவியிடம் சொல், அவள் கண் சரி. நேற்று படத்தை முழுக்கப் பார்த்தேன். கடிகாரம் தெரியும் காட்சிகள் இருபத்து மூன்று. இருபத்திரண்டில் இடது கை. படித்துறையில் மட்டும் வலது. மூன்று முறை பார்த்தபோது என் கண்ணில் படவில்லை. கோபுரத்தைத் தேடினேன், அதைத்தான் பார்த்தேன்.

ஆனால் ஒருவர் வாயால் கேட்காமல் எழுத மாட்டேன். படத்தொகுப்பாளர் செவ்வாய்க்கிழமை மதியம் நேரம் கொடுத்திருக்கிறார்.

காட்சி திரும்பியது கட்டுரையின் தவறைக் காட்டும். கதவைத் திறந்தவரைக் காட்டாது. "நானே அங்கே இறங்குவதில்லை" என்று நீ எழுதியிருக்கிறாய். மறுபடியும் தேவைக்கு மேல் ஒரு வாக்கியம்.

பிப்ரவரி 2, பிப்ரவரி 9 என்று தேதியிட்டு, மேற்குப் படியில் எடுத்த ஐந்து போட்டோக்களை வந்தவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே இருந்து மேலே பார்த்து எடுத்தவை. ஐந்திலும் மேல் ஓரத்தில், மூன்றாவது படியில், செருப்புப் போட்ட ஒரு வலது கால் தெரிகிறது. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருக்கிறது. அந்தக் காலை எனக்கு நாற்பத்தாறு வருடமாகத் தெரியும். அதற்கு அளவெடுத்து முதல் செருப்பு வாங்கப் போனபோது கடைக்குக் கூட்டிப்போனவள் நான்.

பொறியாளரின் தாளில் கையெழுத்துப் போடாதே. இதை அக்காவாகச் சொல்கிறேனா, வேறு யாராகவா என்று நீ யோசிப்பாய். யோசி. ஆனால் போடாதே.

அக்கா


மார்ச் 10, திங்கள்

அக்கா,

கால் என்னுடையதுதான்.

கட்டுரை வந்த அடுத்த ஞாயிறு, ஜனவரி 26. கதவு பூட்டியிருந்ததால் ஜனங்கள் கோபுரத்துப் பக்கமாகக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மேற்குப் படிக்கு இறங்க ஆரம்பித்தார்கள். அந்தச் சுவரின் விளிம்பு ஒரு சாண்தான். கீழே ஆறு மீட்டர் தண்ணீர். ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு இறங்குகிறாள். கத்தினேன், திட்டினேன். "பாத்துட்டு வந்துடறோம்ணா" என்கிறார்கள். பொறியாளரிடம் இன்னொரு ஆள் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை யாரு வருவா? நீயே சமாளி" என்றார்.

சமாளித்தேன். பிப்ரவரி 2-இலிருந்து நானே கதவைத் திறந்தேன். ஒரு தடவைக்கு மூன்று பேர். பத்துப் படிக்குக் கீழே போகக் கூடாது. மூன்றாவது படியில் நான். பத்தாவது படிக்குக் கீழே கல் ஆடும் என்று எனக்குத் தெரியும், எந்தக் கல் என்றும் தெரியும். சுவர் ஏறி விழுவதைவிட இது மேல் என்று நினைத்தேன். பொறியாளர் வண்டியில் போகும்போது பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். டீக்கடைக்காக இல்லை. அதை நீ எழுதியதை நான் மறக்க மாட்டேன்.

16-ஆம் தேதி, பத்து ஐம்பதுக்கு அவர் போன். மதகைக் கால் சுற்று திறக்கச் சொல்லி. கீழே இருந்தவர்களை ஏற்றிவிட்டேன். கதவைச் சாத்தினேன். பூட்டை மாட்டினேன், அழுத்தவில்லை. பத்து நிமிடம்தானே, திரும்ப வந்து திறக்கத்தானே போகிறோம் என்று. திருகு இறுகியிருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. சத்தம் கோபுரத்துக்குள் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் என்று முதலில் நினைத்தேன்.

சாவி ஆணியில் இருந்தது என்று சொன்னேனே, அது அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு நானும் இன்னொருவரும் ஏறினோம். வலியில் முகம் வெளுத்திருந்தது. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதுதானேண்ணா அந்தப் படி?"

"ஆமாம்மா" என்று சொன்னேன்.

கட்டுரையைப் பற்றிப் போலீசிடம் நான் வாயே திறக்கவில்லை. ஏன் என்று கேட்டு எழுதாதே.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. கிழிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 15, சனி

தம்பிக்கு,

காட்சி இடம் வலமாகத் திருப்பப்பட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, படத்தொகுப்பாளர் தன் அறையில் மூலக் காட்சியையும் படத்தில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். மூலத்தில் கோபுரம் இடப்பக்கம். கிழக்குப் படி. ஓரத்தில் ஒரு குடையின் நுனிகூடத் தெரிகிறது. நீ சொன்னது சரி, நான் எழுதியது தவறு.

ஏன் திருப்பினார் என்று கேட்டேன். அவள் படியில் நின்று பார்க்கும் ஆள் படகில் இருக்கிறான். இரண்டையும் வேறு வேறு நாளில் எடுத்திருக்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். "ஒருத்தரை ஒருத்தர் பாக்கற மாதிரியே வரல மேடம். அவங்களைத் திருப்பிட்டேன், சரியாயிடுச்சு. ஒரு பட்டன்தான்" என்றார். அதை நம்பி யாராவது அங்கே போவார்கள் என்று நினைத்தீர்களா என்றேன். "படம் பாக்க வருவாங்கன்னு நெனச்சோம். இடம் பாக்க வருவாங்கன்னு யாரு நெனச்சா?" அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் படம் எடுத்தார். அதை ஆதாரம் என்று சொன்னவள் நான்.

என் முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பிப்ரவரி 19 அன்று மருத்துவமனை வராந்தாவில் அந்தத் தோழி தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். என் கட்டுரை. நாலாக மடித்தது. மடிப்பு என் பெயரின் மேல் விழுந்திருந்தது. "இதை எழுதினது நீங்களா?" என்று கேட்டாள். "எங்க பேப்பர்ல வந்ததுதான்" என்று சொன்னேன். அதை வைத்துக்கொண்டுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், நீ தேவைக்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதாக. நான் தேவைக்குக் கீழே சொன்னேன்.

கட்டுரை எழுதிய அன்று உன் எண்ணைப் போட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். நீ எடுக்க மாட்டாய் என்பதால் அல்ல. எடுத்து, நீ கிழக்கு என்று சொன்னால் நம்பலாமா என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும். கசிவுச் செய்திக்குப் பிறகு நீ என்னிடம் உண்மை சொல்லக் காரணம் இல்லை என்று நினைத்தேன்.

திருத்தம் நாளை ஞாயிறு, இரண்டாம் பக்கத்தில் வருகிறது. ஆசிரியர் இரண்டு வரி போதும், பெயர் வேண்டாம் என்றார். பதினான்கு வரி, என் பெயரோடு. படம் எடுத்தது கிழக்குப் படி, மேற்குப் படி ஆபத்தானது, அங்கே போகச் சொன்னது இந்த நிருபரின் பிழை என்று இருக்கும். அச்சுக்குப் போன பக்கத்தை நான் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை, மார்ச் 13, விசாரணை அதிகாரியிடம் என் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். கட்டுரை, அது எப்படித் தவறானது, அந்தத் தோழியிடம் அது இருந்தது, எல்லாம் இருக்கிறது. கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அன்று மாலை அந்த ஆசிரியையையும் பார்த்தேன். என் பெயரைச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். "அப்ப நான் நின்னது அந்த இடமே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "தூக்கிட்டு வந்த அண்ணன் ஆமான்னாரே" என்றாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

டீக்கடையைப் பற்றி எழுதியதற்கு உன் மனைவியிடம் நேரில் வந்துதான் பேச வேண்டும்.

உன் மூன்று கடிதங்களும் இந்த உறையில் இருக்கின்றன. நகல் எடுக்கவில்லை. நம்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடைசிக் கடிதத்தை நீயே கிழித்துக்கொள்ளலாம், அல்லது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விசாரணை அறைக்குள் போகலாம். அந்த ஐந்து போட்டோவிலும் தெரிவது யாருடைய கால் என்று அறிந்தவர்கள் நானும் உன் மனைவியும்தான். நாங்கள் இருவரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

விசாரணைச் செய்தியை எழுதும் வேலையை என்னிடமிருந்து வாங்கி வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஆனாலும் வருகிறேன். ஒன்பது மணிப் பேருந்து. அலுவலகத்துக்கு எதிரே, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நோட்டு கொண்டுவர மாட்டேன். நீ வெளியே வரும்போது என் பக்கம் பார்க்காமல் போனாலும் கேட்க மாட்டேன்.

இன்னும் தெரியாதவை: அவள் எப்படி நடப்பாள் என்பது. மருத்துவர் மே மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றிருக்கிறார். உனக்கு ஆள் தர மறுத்ததைப் பொறியாளர் ஒப்புக்கொள்வாரா என்பது. அவர் வாக்குமூலம் புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு. சாவித் தட்டுக்குக் கீழே இருக்கும் அந்தத் தாளில் கையெழுத்து விழுமா என்பது.

உன் முறை வியாழன், மார்ச் 20, காலை பதினொரு மணி. அதுவரை என்னிடம் செய்தி எதுவும் இல்லை.

அக்கா